பிள்ளைகளை வட சென்னையில் குடிவைப்பது எப்படி: வெளியூர்ப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்களுக்குத் தென்காசி. 2022இல் மகனுக்கு மணலியில் வேலை கிடைத்தது, திருவொற்றியூரில் வீடு பார்த்தோம். 2024இல் மகளுக்குக் கல்யாணமாகி, அவளுக்குப் பாரிமுனையில் வேலை, மருமகனுக்கு அம்பத்தூரில் வேலை என்று ஆனதும் பெரம்பூரில் வீடு பார்த்தோம். மகனைக் குடிவைத்தபோது செய்த தப்புகளை மகளுக்குச் செய்யாமல் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பதிலாகப் புதுசாகச் சில தப்புகள் செய்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

"வட சென்னையிலயா? அங்க எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அவர்களில் பாதிப்பேர் வியாசர்பாடியைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் வேலையைப் பாருங்கள். பயப்பட வேண்டிய விஷயங்கள் இங்கே உண்டு, ஆனால் அவை வேறு: தண்ணீர், மழை, காற்று, கன்டெய்னர் லாரி.

முதலில் ரயில் பாதை, அப்புறம் வீடு

வீட்டு விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தாளில் மூன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கோடு மெட்ரோ. விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை ஒரே ரயில் போகிறது. வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே உள்ள பகுதி 2021 பிப்ரவரியில்தான் திறந்தது. பிள்ளைக்கு வேலை பாரிமுனையிலோ அண்ணா சாலையிலோ கிண்டியிலோ இருந்தால் இந்தக் கோட்டின் ஓரத்தில் வீடு பார்ப்பது நல்லது.

இரண்டாவது கோடு, சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயில். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் என்று போகும். மூன்றாவது, கும்மிடிப்பூண்டி பக்கம் போவது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் இதில் வரும்.

மகளும் மருமகனும் இரண்டு திசையில் வேலைக்குப் போக வேண்டும். இந்தக் கோடுகளைப் போட்டுப் பார்த்தபோதுதான் பெரம்பூர் நடுவில் விழுந்தது. அவருக்கு அதே ரயிலில் மேற்கே அம்பத்தூர், அவளுக்குக் கிழக்கே, பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் பீச் ஸ்டேஷன். புரோக்கரிடம் கேட்டிருந்தால் கையில் காலியாக இருந்த கொளத்தூர் வீட்டைத்தான் காட்டியிருப்பார். மாதவரத்திலிருந்து பெரம்பூர், அயனாவரம் வழியாக இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையும் நடக்கிறது. அந்தத் தடத்தில் வீடு பார்க்கிறவர்கள் தெரு முனையில் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா, தடுப்புப் பலகை வைத்து வழியை மாற்றியிருக்கிறார்களா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

பிள்ளை பைக்கில் வேலைக்குப் போவதாக இருந்தால் இன்னொன்று. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை மூன்றிலும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும். அந்த டிரெய்லர்களின் இடது பக்கம் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. மகனை முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், லாரி குறைந்த நேரத்தில், இரண்டு முறை வேலை இடம் வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். "லாரிக்கு இடது பக்கமா நுழையாதடா" என்பதை மட்டும் இன்றுவரை போனில் சொல்கிறேன். அவனும் "சரிம்மா" என்கிறான்.

வீட்டை மூன்று வேளை பாருங்கள்

மகனுக்குப் பார்த்த வீட்டைச் சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரே தடவை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தோம். அது முதல் தப்பு. வட சென்னையில் ஒரு வீட்டைக் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு பத்து மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

காலையில் போனால் தண்ணீர் நிலவரம் தெரியும். தெருவில் குடம் வரிசையாக நிற்கிறதா, லாரி வருகிறதா, எந்த வீட்டில் அடிபம்பு சத்தம் கேட்கிறது என்று பாருங்கள். சாயங்காலம் போனால் போக்குவரத்து தெரியும். இரவில் போவது காற்றுக்காக. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. காற்று திசை திரும்பும் இரவில்தான் வாடை வரும், பகலில் வருகிறவர்களுக்குத் தெரியாது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் பக்கத்து நகர்களிலும் இதே கதை. பிள்ளைக்கு ஆஸ்துமாவோ அலர்ஜியோ இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வட்டத்துக்குள் போக வேண்டாம் என்பேன். 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். அதிலிருந்து மகனிடம் ஒரு ஏற்பாடு சொல்லிவைத்திருக்கிறேன்: மூக்கு எரிகிற மாதிரி வாடை வந்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்குக் குறுக்காக நடக்க வேண்டும். காற்று போகும் திசையில் ஓடக் கூடாது.

மழைத் தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். "நம்ம தெருவுல ஒரு சொட்டு நிக்காதும்மா" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், பால் பாக்கெட் போடுகிறவரிடம் கேளுங்கள், ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் கண்ணாலேயே பார்க்கலாம். ரோட்டை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் பழைய வீடுகள் பல பள்ளத்துக்குப் போய்விட்டன. வாசல்படி ஏறி வீட்டுக்குள் போகிறோமா, இறங்கிப் போகிறோமா? ஈபி மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே மாற்றி வைக்கப்பட்டிருக்கிறதா? மோட்டாரைத் திண்ணை கட்டி ஏற்றியிருக்கிறார்களா? காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கறைக்கோடு ஓடுகிறதா? இதில் இரண்டு இருந்தாலே அங்கே தண்ணீர் வந்திருக்கிறது என்று அர்த்தம். புளியந்தோப்பு, வியாசர்பாடி, ஓட்டேரி, கொடுங்கையூர், மணலி பக்கம் ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய், புழல் உபரிநீர்க் கால்வாய் என்று ஏதாவது ஒன்று பக்கத்தில் ஓடும். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி மழை வந்தால் மூடிவிடும் இடங்களும் உண்டு. வேலைக்குப் போகும் வழி சுரங்கப்பாதையை மட்டும் நம்பியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் முதல் மாடி. அதற்காக மாதம் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்று நான் சொல்வேன், என் வீட்டுக்காரர் அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வீடு பார்க்க நல்ல மாதம் கார்த்திகை. மழை பெய்து முடிந்த சூட்டோடு போனால் சுவரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். பேரம் பேச நல்ல மாதம் ஆடி. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள், வீடு காலியாகக் கிடக்கும். ஆடியில் பேசி முடித்து ஆவணியில் பால் காய்ச்சலாம்.

தண்ணீர்க் கணக்கு

குற்றாலத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகள் முதல் வாரமே போன் செய்து அழுவது இதற்குத்தான். பல வீடுகளில் மூன்று விதத் தண்ணீர் இருக்கும். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், தொட்டியில் அல்லது அடிபம்பில் வருவது ஒன்று. போர் தண்ணீர் ஒன்று, கடலோரத்தில் அது உப்பாகவே இருக்கும். குடிக்க 20 லிட்டர் கேன் ஒன்று.

கேட்க வேண்டிய கேள்விகள்: மெட்ரோ தண்ணீர் தினமா, ஒருநாள் விட்டு ஒருநாளா? எத்தனை மணிக்கு? தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை போர்ஷனுக்குப் பொது? மோட்டார் சுவிட்ச் யார் கையில்? கடைசிக் கேள்வி முக்கியம். சுவிட்ச் வீட்டுக்காரர் வீட்டுக்குள் இருந்து, அவர் ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று அப்போதே பேசிவிடுங்கள்.

உப்புத் தண்ணீரைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். குளியலறைக் குழாயின் மூக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கும். சோப்பு போட்டால் நுரை வராது. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் மலராது. மகன் குக்கர் கெட்டுப்போச்சு என்று புதுக் குக்கரே வாங்கிவிட்டான். பருப்புக்கும் சோற்றுக்கும் கேன் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள், குளிக்கவும் துவைக்கவும் போர் போதும். பழைய தெருக்களில் முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக, சில நேரம் சாக்கடை வாடையோடு வரும். முதல் இரண்டு குடத்தைக் கீழே விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். வாடை தொடர்ந்து வந்தால் மெட்ரோ வாட்டர் புகார் எண் 1916.

அடிபம்பு உள்ள வீடு கிடைத்தால் விடாதீர்கள். 2023 டிசம்பர் புயலில் மகன் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது, மேல் தொட்டி காலி. கீழ் வீட்டு அக்கா அடிபம்பில் அடித்துக் கொடுத்த தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தான். அந்த அக்காவின் பெயரே அதுவரை அவனுக்குத் தெரியாது.

அட்வான்ஸ், அக்ரிமென்ட், லீஸ்

வாடகைக்கு இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போனால் வீடு கிடைக்காது. "மூணு மாசம்தான சட்டத்துல இருக்கு, நாங்க அஞ்சு தர்றோம்" என்று ஆரம்பித்தால் பேச்சு நடக்கும், எங்களுக்கு நடந்தது.

ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காத நான்கு இடங்கள் உண்டு. காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள். வருடம் எத்தனை சதவீதம் வாடகை ஏறும். காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும். கரண்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா. வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை பிள்ளைக்கு வரும். சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீட்டில் அது கைக்கு வராது. குடிபோகும் அன்று மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதே சமயம் சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள்.

லீஸ் விஷயத்துக்குத்தான் நான் அதிகம் எச்சரிப்பேன். நம் ஊரில் ஒத்தி, போகியம் என்போமே, அதுதான். பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கம் இது நிறைய உண்டு. சில லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும். கேட்க இனிப்பாக இருக்கும். எங்கள் சொந்தத்தில் ஒருவர் அப்படிக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து வங்கியிலிருந்து வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது, பணத்தைத் திரும்ப வாங்க அவர் இன்னும் அலைகிறார். லீஸ் என்று முடிவு செய்தால் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சொத்து வரி ரசீது, ஈபி இணைப்பு, கையெழுத்துப் போடுகிறவரின் ஆதார் மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். அம்மா பெயரில் வீடு, மகன் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அம்மாவையும் கூட்டிவரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய மறுக்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும்.

ஆதார் நகல் கேட்டால் அதன் குறுக்கே "வாடகை வீட்டுக்காக மட்டும்" என்று தேதி போட்டு எழுதிக் கொடுக்கப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து எதை ஏற்றுவது

குறைவாக. மகனுக்கு நாங்கள் இரும்புக் கட்டில், இரும்புப் பீரோ, என் மாமியார் காலத்துத் தோசைக்கல் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். திருவொற்றியூர் கடற்காற்றில் பீரோவின் கால் ஒரு வருடத்தில் துருப்பிடித்து உதிர ஆரம்பித்தது. கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் மரம், எவர்சில்வர், பிளாஸ்டிக்தான். தோசைக்கல்லை ஒவ்வொரு தடவையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் உயரமான ஸ்டாண்டு வேண்டும், துருவுக்கும் நல்லது, வெள்ளத்துக்கும் நல்லது.

கேஸ் சிலிண்டரை ரயிலில் கொண்டுபோகக் கூடாது, அது குற்றம். ஊரில் பிள்ளை பெயரில் இணைப்பு இருந்தால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள், டெபாசிட் திரும்ப வரும். சென்னையில் அதைக் காட்டிப் புது ஏஜென்சியில் இணைப்பு எடுக்கலாம். அதுவரைக்கும் முகவரிச் சான்று கேட்காமல் ஏதாவது ஓர் அடையாள அட்டைக்குக் கொடுக்கும் 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. தனி ஆளுக்கு அதுவே நெடுநாள் வரும்.

மற்றதெல்லாம் அங்கேயே கிடைக்கும். துணிமணிக்கு பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. பாத்திரம், பிளாஸ்டிக், சின்னச் சின்ன வீட்டுச் சாமானுக்குச் சௌகார்பேட்டை, பாரிமுனைத் தெருக்கள். சனி, ஞாயிறு வேண்டாம், செவ்வாய்க்கிழமை காலையில் போனால் கடைக்காரர் நின்று பேசுவார். ஜன்னலின் நீள அகலத்தை எழுதிக்கொண்டு போய்க் கொசுவலை முதலில் வாங்குங்கள். கால்வாய் ஓரத்து வீட்டில் கட்டில் இல்லாமல் தூங்கிவிடலாம், கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரி தூங்க முடியாது.

நாங்கள் போவதும் பால் காய்ச்சுவதும்

தெற்கேயிருந்து பஸ்ஸில் போனால் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து திருவொற்றியூர் இன்னொரு ஊருக்குப் போகிற தூரம். சாமான் மூட்டையோடு போகிறவர்கள் ரயிலில் எழும்பூர் வருவதே மேல். எழும்பூர் மெட்ரோவில் ஏறி அடுத்த ஸ்டேஷன் சென்ட்ரலில் மாறினால் விம்கோ நகர் ரயில் கிடைக்கும்.

பால் காய்ச்சும்போது எதிர் வீடு, பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு நான்குக்கும் ஒரு டம்ளர் பாலும் இனிப்பும் பிள்ளை கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகாதீர்கள். நீங்கள் போனால் அந்தம்மா உங்களோடு சிநேகமாகிவிடுவார், நீங்கள் ஊருக்குப் போனதும் பிள்ளை மறுபடி அந்நியமாகத்தான் இருக்கும். மகனுக்கு நான்தான் எல்லா வீட்டுக்கும் போனேன். ஒரு வருடம் கழித்தும் தெருவில் அவனை "தென்காசி அம்மா பையன்" என்றுதான் சொன்னார்கள். புயல் வந்த பிறகுதான் அவனுக்கென்று ஒரு பெயர் வந்தது.

சமையலறையில் நடந்தது மகள் வீட்டுக் கதை. அவள் வேலைக்குப் போன நேரத்தில் நான் அலமாரி முழுக்க அடுக்கினேன். அரிசி கீழே, பருப்பு நடுவில், மசாலா கைக்கு எட்டும் தூரத்தில், அதாவது என் கைக்கு. அவள் என்னைவிட உயரம் குறைவு, மசாலா டப்பாவை எடுக்க ஸ்டூல் போட வேண்டியிருந்தது. மருமகனுக்கும் சமைக்கத் தெரியும், அவருக்கு வேறு ஒழுங்கு. நான் ஊருக்கு வந்த மறுநாள் இருவரும் சேர்ந்து எல்லாவற்றையும் கலைத்து அடுக்கினார்கள் என்று பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது. பெட்டியைப் பிரித்துக் கழுவித் துடைத்துத் தரையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கல்யாணமான பிள்ளை என்றால் சம்பந்தி வீட்டாரையும் அதே வாரம் கூப்பிட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வந்து அடுக்கிய வீடு கடைசிவரை பேச்சாகிவிடும்.

முதல் வாரம் தெருவில் நடப்பது

கூகுள் மேப்பில் இருக்கிற எதையும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மேப்பில் இல்லாததை இருவருமாக நடந்து கண்டுபிடியுங்கள்: காலை ஐந்தரைக்குத் திறக்கும் பால் கடை, கேன் தண்ணீர் போடும் பையனின் நம்பர், ராத்திரி பத்தரைக்கும் திறந்திருக்கும் மருந்துக்கடை, நம்பிக்கையான ஆட்டோ ஸ்டாண்டு, பிளம்பர், எலெக்ட்ரீசியன். மாதவரம், மூலக்கடை, எம்.கே.பி. நகர் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பஸ்தான் கால். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணம் இல்லை, மகள்களுக்கு எந்தப் பஸ் எந்த நிறத்தில் வரும் என்று காட்டிக்கொடுங்கள்.

ஆஸ்பத்திரியை உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருதடவை வாசல் வரை போய்ப் பார்த்துவிட வேண்டும். அவசரச் சிகிச்சைக்கு எந்த கேட் என்று தெரிந்தால் போதும். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அதன் பக்கத்திலேயே பிரசவத்துக்கான ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது. பெரம்பூர், கொளத்தூருக்குப் பெரியார் நகர் அரசு மருத்துவமனை.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. "இன்னாம்மா, எங்க போற" என்று ஆட்டோக்காரர் கேட்டதும் மகள் முகம் சுருங்கியது. மரியாதை இல்லாமல் பேசுகிறார் என்று நினைத்துவிட்டாள். நம் ஊர் "ஏலே" மாதிரிதான் அதுவும். ஒரு மாதத்தில் அவளே கடைக்காரரிடம் "இன்னாண்ணா வெல" என்று கேட்கிறாள். என் வீட்டுக்காரருக்குத்தான் அது இன்னும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஏதாவது ஒரு பழக்கம் இருந்தால் ஊர் சீக்கிரம் ஒட்டும். மகன் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கப் பழகினான். விடியற்காலை போனால்தான் மீன், எட்டு மணிக்குப் போனால் கூட்டம்தான் என்பதை இரண்டு வாரம் ஏமாந்து கற்றுக்கொண்டான். மகள் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்க வருகிறாள், அப்படியே தம்பி வீட்டில் சாப்பாடு. பாரிமுனையில் பர்மா சாப்பாடான அத்தோவும் மொய்ங்காவும் சாப்பிடக் கற்றுக்கொடுத்தது அவள் ஆபீஸ் தோழி, நான் இல்லை. எனக்கு அது பிடிபடவும் இல்லை.

காகித வேலை, சுருக்கமாக

பதிவான வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஆதாரில் முகவரி மாற்றலாம், அதை வைத்து வங்கி, கேஸ். வாக்காளர் பட்டியலில் இடம் மாற்ற படிவம் 8. ரேஷனுக்குத் தனி ஆளாகப் போன பிள்ளையை அவசரப்பட்டு ஊர் அட்டையிலிருந்து நீக்க வேண்டாம். கல்யாணமான பிள்ளைக்கு நம் அட்டையில் பெயரை நீக்கினால்தான் புது அட்டை கிடைக்கும், அதை மட்டும் தாமதிக்காதீர்கள். பைக் தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தால் சென்னைக்காக நம்பர் மாற்றத் தேவையில்லை.

புரட்டாசி கடைசிக்குள்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்கும். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போய், பிள்ளையோடு உட்கார்ந்து இதை முடித்துவிட்டு வாருங்கள். சர்டிபிகேட், பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு லாஃப்டில் ஏற்றுங்கள். பவர் பேங்க், டார்ச், இரண்டு கேன் தண்ணீர் கூடுதலாக, ஐந்து நாளைக்கு அரிசி பருப்பு, ரொக்கமாக இரண்டாயிரம் ரூபாய். கரண்ட் போனால் ஏடிஎம்மும் போகும், ஜிபே பண்ண நெட்வொர்க்கும் போகும், 2023இல் மகன் கையில் நாற்பது ரூபாய்தான் இருந்தது. பைக்கை எந்த மேட்டில் நிறுத்துவது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: தண்ணீர் தேங்கினால், குப்பை அள்ளாவிட்டால் மாநகராட்சி 1913. கரண்டுக்கு மின்னகம் 94987 94987. மெட்ரோ வாட்டர் 1916. ஆம்புலன்ஸ் 108. போலீஸ் 112. கீழே வீட்டுக்காரர், கீழ் வீட்டு அக்கா, தெருமுனை எலெக்ட்ரீசியன் நம்பர். தேங்கிய தண்ணீரில் ஈபி பெட்டி பக்கம் போகக் கூடாது என்பதையும் அதிலேயே பெரிசாக எழுதிவிடுங்கள்.

கிளம்பும் நாள்

போகும்போதே திரும்பி வர டிக்கெட் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் "இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லத் தோன்றும், பிள்ளை வேண்டாம் என்று சொல்லவும் மாட்டாது. மகனோடு இருபத்திரண்டு நாள் இருந்தேன். கடைசி வாரம் அவன் ஆபீஸ் விட்டு லேட்டாக வர ஆரம்பித்தான், வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் வீட்டில் பத்து நாளோடு கிளம்பிவிட்டேன்.

கிளம்புவதற்கு முன்னால் மாற்றுச் சாவி ஒன்று யாரிடம் இருக்கப் போகிறது என்று முடிவு செய்ய வேண்டும். எனக்கு அதை ஊருக்கு எடுத்துப்போக ஆசை. அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாவியால் பூட்டிய கதவைத் திறக்க முடியாது என்று மகள் சொன்னாள். எதிர் வீட்டு ஆன்ட்டியிடம் அவளே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மகனுடைய வீட்டு மாற்றுச் சாவி இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது கீழ் வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும்.